இருமல் தரும் இருதயக் குளிசை பிறந்த கதை

பளைப் பக்கத்தில் பிறஷருக்கும் இருதய வருத்தத்துக்கும் மாதா மாதம் கிளினிக் போய்வருகிற பலருடைய குளிசைப் பைக்குள் எனலப்ரில் என்ற சின்னக் குளிசை இருக்கும். இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பதும், களைத்துப்போன இருதயத்தின் சுமையை இறக்குவதும் அதன் வேலை. விலை குறைந்த மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. நம்முடைய அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள்.

அதே குளிசை சிலருக்கு ஒரு வறட்டு இருமலையும் கொண்டுவருகிறது. சளி வராது, காய்ச்சல் இராது. தொண்டைக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். இரவில் படுத்தால் கூடும். மாரி காலமென்றால் பனியில் நின்றதால் வந்தது என்போம். கோடையென்றால் வீதிப் புழுதியைச் சொல்லுவோம். மல்லித்தண்ணி குடித்துப் பார்ப்போம், ஆடாதோடை அவித்துக் குடிப்போம், பாமசியில் பாணி மருந்து வாங்குவோம். ஒன்றுக்கும் அது அடங்காது. காலையில் விழுங்குகிற குளிசையைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. சந்தேகம் வந்தவர்களிலும் சிலர் வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குளிசையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இருமலோடு மாதக்கணக்கில் கிடந்து வருந்துவது வீண் துன்பம். சொல்லாமல் நிறுத்துவது அதைவிட மோசம். அது உயிருக்கே ஆபத்து.

இந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டால் இரண்டு தவறையும் தவிர்க்கலாம். அதற்கு இந்தக் குளிசை பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதை ஒரு பாம்பின் நஞ்சில் தொடங்குகிறது.

ஜராரக்காவின் நஞ்சு

வன்னியில் வயலுக்குள் இறங்குகிற எவருக்கும் புடையனைத் தெரியும். அது கடித்தால் இரத்தம் உறையும் தன்மை கெடும், சிறுநீரகம் பாதிக்கப்படும். பிரேசில் நாட்டில் அதே விரியன் குடும்பத்தைச் சேர்ந்த ஜராரக்கா என்றொரு பாம்பு உண்டு. அதன் கடியிலும் இரத்தம் கெடும். அதோடு கடிபட்டவரின் இரத்த அழுத்தம் சடுதியாக விழவும்கூடும். அழுத்தத்தை இப்படி விழுத்துவது எது என்ற கேள்வி பிரேசில் ஆய்வாளர்களைப் பிடித்துக்கொண்டது.

1948இல் சாவோ பாவுலோ நகரத்தின் உயிரியல் நிறுவகத்தில் மௌரீசியோ ரோச்சா இ சில்வா, வில்சன் பெரால்டோ, பாம்பு நஞ்சை ஆராய்ந்துவந்த காஸ்தாவ் ரோசன்ஃபெல்ட் ஆகிய மூவரும் ஜராரக்காவின் நஞ்சை நாயின் இரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். முன்பு அங்கே தென்படாத ஒரு பொருள் அதில் உருவானது. அது இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. கினிப்பன்றியின் குடல் துண்டை மெல்ல மெல்லச் சுருங்க வைத்தது. அதற்குப் பிராடிகைனின் என்று பெயர் வைத்து 1949இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்தப் பொருள் பாம்புக்குச் சொந்தமானதல்ல. நம்முடைய இரத்தத்திலேயே மறைந்து கிடக்கும் ஒரு புரதத்திலிருந்து அறுபட்டு வருவது. நஞ்சு அதை வெளியே எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி அது. இரத்தக் குழாய்களை விரிக்கும். வீக்கத்தையும் நோவையும் உண்டாக்கும். நரம்பு நுனிகளை உசுப்பும். குளிசை தருகிற இருமலுக்கு வேர் இந்தப் பிராடிகைனின்தான்.

ஆனால் அதை ஆராய்வது இலேசான வேலையாக இருக்கவில்லை. இரத்தத்தில் விட்டால் சில விநாடிகளுக்குள் சிதைந்துபோகும். அதை அழிக்கும் ஏதோ ஒரு நொதியம் உடம்புக்குள் காவல் நிற்கிறது என்று தெரிந்தது. ரோச்சா இ சில்வாவின் மாணவராக ரிபெய்ராவ் பிரேத்தோ மருத்துவ பீடத்தில் வேலை செய்த செர்ஜியோ ஃபெரைரா இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். விடை திரும்பவும் ஜராரக்காவின் நஞ்சிலேயே கிடைத்தது. அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுப் பிராடிகைனின் அழியாமல் காக்கிற ஒரு பொருளும் நஞ்சுக்குள் இருந்தது. 1965இல் ஃபெரைரா அதை வெளியிட்டார். ஆக, பாம்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பிராடிகைனினைப் பிறக்க வைக்கிறது. பிறந்ததை அழியவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் அவ்வளவு வேகமாக விழுவதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

இரண்டு கதைகள் லண்டனில் சந்தித்தன

இன்னொரு கதை வேறொரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. 1898இல் ஸ்டொக்ஹோம் நகரத்தில் ரொபர்ட் டைகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும் பெர் பெர்க்மன் என்ற மாணவரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றியபோது இரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் பொருளொன்றைச் சுரக்கிறது என்று அன்று தெரிந்தது. அது ரெனின். ரெனின் நேரே வேலை செய்வதில்லை, அஞ்சியோடென்சின் என்ற வேறொரு பொருளை உண்டாக்குகிறது என்பதை 1940ஐ ஒட்டி ஆர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. அதுவும் முதலில் வலுவில்லாத வடிவத்திலேயே பிறக்கிறது. ஒரு நொதியம் அதை வெட்டிய பிறகே குழாய்களை இறுக்கும் வலிமை அதற்கு வருகிறது. 1956இல் லெனார்ட் ஸ்கெக்ஸ் அந்த நொதியத்தை அடையாளம் கண்டார்.

லண்டனில் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஜோன் வேன் என்ற மருந்தியலாளர் இருந்தார். இந்த வெட்டு பெரும்பாலும் நுரையீரலில் நடக்கிறது என்பதை அவரும் கெவின் இங்கும் 1967இல் காட்டினார்கள். அதே ஆய்வுகூடத்துக்கு ஃபெரைரா ஜராரக்கா நஞ்சின் சாற்றோடு வந்து சேர்ந்தார். ஃபெரைராவின் நாட்டமெல்லாம் பிராடிகைனினில். வேனுக்கோ இந்தச் சாறு அஞ்சியோடென்சின் நொதியத்தை என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. கூட வேலை செய்த மிக் பாக்லே 1968இல் நாயின் நுரையீரலை அரைத்து எடுத்ததில் அதைச் சோதித்தார். நொதியம் அடங்கிப்போனது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1970இல், எர்வின் ஏர்டோஸின் குழு இதற்கு விளக்கம் சொன்னது. அஞ்சியோடென்சினை வலிமையாக்கும் நொதியமும் பிராடிகைனினை அழிக்கும் நொதியமும் வேறு வேறு அல்ல, ஒன்றே. குழாயை இறுக்கும் பொருளை அது ஆக்குகிறது. குழாயைத் தளர்த்தும் பொருளை அழிக்கிறது. இரணைமடுவின் மதகை மூடினால் கீழே வாய்க்கால் வற்றும், மேலே குளம் நிறையும். இந்த நொதியத்தை மூடினாலும் அப்படித்தான்: அஞ்சியோடென்சின் குறையும், பிராடிகைனின் கூடும். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பெற வழியில்லை. எனலப்ரிலின் நன்மையும் அதன் இருமலும் ஒரே இடத்தில் பிறந்தவை.

நஞ்சு இல்லாத குளிசை

வேன் அப்போது அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்துக் கம்பனிக்கு ஆலோசகராகவும் இருந்தார். இந்த நஞ்சைப் பாருங்கள் என்று அவர் சொன்னதை அங்கே இருந்த டேவிட் குஷ்மனும், ஆர்ஜென்டினாவில் பிறந்த மிகுவேல் ஒண்டெட்டியும் எடுத்துக்கொண்டார்கள். நஞ்சிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட டெப்ரோடைட் என்ற பொருளை 1971இல் பிரித்தார்கள். மனிதருக்கு ஊசியாகப் போட்டபோது அது அழுத்தத்தை நன்றாகக் குறைத்தது. ஆனால் வாயால் கொடுக்க முடியாது, வயிற்றில் செரித்துப்போய்விடும். ஒவ்வொரு நாளும் ஊசி போட்டு யார் பிறஷரைக் குறைப்பது?

1974இல், அஞ்சியோடென்சின் நொதியத்தைப் போன்ற வேறொரு நொதியத்தை அடக்கும் சிறிய மூலக்கூறு பற்றிய கட்டுரை ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொருளாகத் தேடி அலைவதை விட்டுவிட்டு, நொதியத்தின் நடுவில் இருக்கிற துத்தநாக அணுவைச் சரியாகப் போய்ப் பிடிக்கும் மூலக்கூறை வரைந்து செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கந்தக முனை வைத்தார்கள். 1975இல் கப்டோப்ரில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. நொதியத்தின் அமைப்பை மனத்தில் வைத்து வடிவமைத்த மருந்துகளில் அது முன்னோடி.

குளிசைக்குள் பாம்பின் நஞ்சு ஒரு துளியும் இல்லை. நஞ்சு வழியைக் காட்டியது. மருந்தை மனிதர் இரசாயனத்தால் செய்தார்கள். காப்புரிமை ஸ்குவிப்புக்குப் போனது. தொடக்கத்தைக் கண்டுபிடித்த ஃபெரைரா காப்புரிமை எதுவும் எடுத்திருக்கவில்லை. ஏழை நாடுகளின் ஆய்வுகூடங்களில் விளைந்த அறிவு பணக்கார நாடுகளில் காசாவது பற்றிப் பேசும்போது பிரேசிலில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள். ஒவ்வொரு நாளும் இந்தக் குளிசையை விழுங்குகிற நாமும் ரோச்சா இ சில்வாவையும் ஃபெரைராவையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

கப்டோப்ரிலை ஆரம்பத்தில் மிகக் கூடிய அளவில் கொடுத்தார்கள். நாக்கில் ருசி கெட்டது, தோல் தடித்தது, சிறுநீரில் புரதம் போனது, சிலருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்தன. கந்தக முனைமேல் சந்தேகம் விழுந்தது. மேர்க் கம்பனி கந்தகத்தை அகற்றிவிட்டு எனலப்ரிலைச் செய்தது. 1985இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ருசி கெடுவதும் தோல் தடிப்பதும் குறைந்தன. இருமல் மட்டும் போகவில்லை. போகவும் முடியாது. கந்தகத்தால் வந்தது கந்தகத்தோடு போனது. நொதியத்தை மூடுவதால் வருவது, நொதியத்தை மூடும் ஒவ்வொரு மருந்தோடும் வரும். லிசினோப்ரில், ரமிப்ரில் என்று 'ப்ரில்' என்று முடிகிற பெயருள்ள குளிசைகள் எல்லாம் இந்த ஒரே குடும்பம்.

இவ்வளவுக்கும் பிறகு வைத்தியர்கள் ஏன் இந்த மருந்தைக் கைவிடவில்லை? 1987இல் வெளியான ஒரு சோதனையே போதும். நோர்வே, சுவீடன், பின்லாந்து மூன்று நாடுகளிலும் இருதயம் மிக மோசமாகப் பலவீனப்பட்ட 253 பேரில் பாதிப்பேருக்கு எனலப்ரிலும், மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 44 பேர் இறந்தார்கள். எனலப்ரில் எடுத்தவர்களில் 26 பேர். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை நேரத்தோடு நிறுத்தினார்கள். 1991இல் 2569 பேரை வைத்து வந்த பெரிய சோதனையும் அதையே உறுதிசெய்தது. இருமலுக்குப் பயந்து குளிசையை வீசுகிறவர் எதை வீசுகிறார் என்பதை இந்த எண்கள் சொல்லும்.

இருமலை எப்படி அறிவது

நுரையீரலில் இந்த நொதியம் நிறைய உண்டு. அதை மூடினால் அங்கே பிராடிகைனினும் அதைப் போன்ற வேறு பொருட்களும் தேங்கி, சுவாசக் குழாயின் நரம்புகளைக் கூருணர்வாக்குகின்றன. அதனால் இருமல். எல்லோருக்கும் வருவதில்லை, ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குளிசையின் அளவைக் குறைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. தொடங்கிய சில வாரங்களில் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். மருந்தை மாற்றிய பின் வழமையாக ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்வரை எடுக்கும். நுரையீரலுக்கு இதனால் நிலையான கேடு எதுவும் இல்லை.

ஆனால் எல்லா இருமலையும் குளிசையின் தலையில் கட்டக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு என்றால் காசநோய்க்குச் சளி பரிசோதிக்க வேண்டும். நிமிர்ந்து படுக்க முடியாத மூச்சிளைப்பு, கால் வீக்கம், சில நாளில் ஏறும் உடல் நிறை இவற்றோடு இருமல் வந்தால் இருதயம் இன்னும் பலவீனப்படுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் குளிசையையும் நிறுத்தினால் விளைவு கொடுமையாக இருக்கும். எது எந்த இருமல் என்று பிரிப்பது வைத்தியரின் வேலை. எப்போது தொடங்கியது என்று சொல்வது நம்முடைய வேலை.

குளிசையால்தான் என்று தெரிந்தால் மாற்று மருந்து இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லொசார்டன் இந்த நொதியத்தைத் தொடுவதில்லை. அஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைக்கிறது. பிராடிகைனின் வழமைபோல் அழிந்துவிடுவதால் இருமல் பெரும்பாலும் வராது. நம்முடைய கிளினிக்குகளிலும் லொசார்டன் கொடுக்கிறார்கள். வாய் திறந்து சொன்னால் தீர்கிற விஷயம் இது.

பளையில் கவனிக்க வேண்டியவை

இருமலைவிட அரிதான, ஆனால் ஆபத்தான ஒன்றும் பிராடிகைனினால் வருகிறது. உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குவது. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். குளிசை தொடங்கிப் பல வருடம் கழித்தும் வரலாம். நாக்கோ தொண்டையோ வீங்கினால் மூச்சு அடைபடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவர் 'ப்ரில்' குடும்பத்தின் எந்தக் குளிசையையும் வாழ்நாளில் திரும்ப எடுக்கக்கூடாது. அதைக் கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பொட்டாசியம். இந்தக் குளிசை உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். பளை தென்னை நிற்கும் மண். வெயிலுக்கு இளநீர் குடிப்பது நம்முடைய வழக்கம். 100 மில்லிலீற்றர் இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர் ஓர் இளநீர் குடிப்பதால் பயமில்லை. சிறுநீரகம் பலவீனப்பட்டவரும், எனலப்ரிலோடு ஸ்பைரோனோலக்டோன் குளிசையும் எடுப்பவரும் நாளுக்கு இரண்டு மூன்று என்று குடித்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறி இருதயத்தின் துடிப்பையே குழப்பலாம். இவர்கள் வைத்தியரிடம் கேட்டுக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்கவென்று விற்கும் மாற்று உப்புகளிலும் பொட்டாசியம் உண்டு.

மூன்றாவது சிறுநீரகம். வட மத்திய மாகாணத்தோடு வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் நாடு இது. எனலப்ரில் பல சிறுநீரக நோயாளிகளைக் காக்கிறது. ஆனால் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேற்றினினும் பொட்டாசியமும் சோதித்துப் பார்க்க வேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குளிசையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று கேட்க வேண்டும். தோட்ட வேலை செய்த உடல் நோவுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் போன்ற குளிசைகளைக் கேட்டு வாங்குவது எனலப்ரில் எடுப்பவருக்கு ஆகாது. சலம் போக்கும் குளிசையும் சேர்ந்திருந்தால் சிறுநீரகம் படுமோசமாகப் பாதிக்கப்படலாம். நோவுக்குப் பரசிற்றமோல் போதும்.

முதல் சில நாட்களில் எழும்பும்போது தலை சுற்றலாம். படுக்கையில் சற்று இருந்து எழும்ப வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணும், கர்ப்பம் தரிக்க நினைத்திருக்கும் பெண்ணும் இதை எடுக்கக்கூடாது; வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தை இது கெடுக்கும்.

பளையிலிருந்து கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அங்கே சனம் நிறைய, வைத்தியருக்கு நேரம் குறைவு. இந்த அவசரத்தில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறோம். ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். "இந்தக் குளிசை தொடங்கின பிறகுதான் எனக்கு இருமல் தொடங்கினது. சளி இல்லை. வேற குளிசை மாத்தித் தர ஏலுமோ?" என்று கேளுங்கள். அதுவரை குளிசையை நிறுத்தாதீர்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ ஐயாவோ அம்மம்மாவோ மாதக்கணக்கில் வறட்டு இருமலோடு இருந்தால், இன்றைக்கே அவர்களுடைய குளிசைப் பையை எடுத்து, பெயர் 'ப்ரில்' என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள்.